மறை 20 பாகையில் மூன்று இரவுகள்: ட்ரெயிலரில் தண்ணீரோடு தங்குவதா, தண்ணீரின்றித் தங்குவதா, வட்டக் குடிலா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் தங்குமிடத்துக்கான முன்பதிவு, போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக 5 மாதங்களுக்கு முன்னர், அங்குள்ள நேரப்படி காலை 7 மணிக்குத் திறக்கப்படுகிறது. டிசம்பர் 27ஆம் திகதி போய்ச் சேர விரும்புகிறவர் ஜூலை 27ஆம் திகதி பதிய வேண்டும். கொழும்பு வெள்ளவத்தையில் அப்போது பிற்பகல் 4.30 மணியாக இருக்கும். மின்விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு தொடர்மாடி அறையில் இருந்துகொண்டு, உறைபனிக்கு நடுவே எப்படி உறங்குவது என்று முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோவில் இருக்கும் என் மனைவியின் தம்பி, இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் பாவித்த ட்ரெயிலர் ஒன்றை வாங்கினான். 26 அடி நீளம். ஆறு பேர் படுக்கலாம். அடுப்பு, கழிவறை, குளியல் அறை எல்லாம் உள்ளே இருக்கின்றன. பாரமான வாகனம் ஒன்றின் பின்னால் கொழுவி இழுத்துச் செல்ல வேண்டும். கோடை முழுவதும் அதில் ஏரிக்கரைகளில் சுற்றியவனுக்கு, நாங்கள் பாடசாலை விடுமுறைக்கு அங்கே போகும்போது பிள்ளைகளை அல்கொன்குவின் பூங்காவின் மியூ லேக் முகாமுக்குக் கூட்டிச் செல்ல வேண்டும் என்று ஆசை. 1893ஆம் ஆண்டு நிறுவப்பட்ட அந்தப் பூங்காவில், 60ஆம் இலக்க நெடுஞ்சாலையோரமாக, குளிர்காலத்திலும் திறந்திருக்கும் முகாம் அது. இரவில் மறை 20 பாகை செல்சியஸ் (-20°C) வரை இறங்குவது அங்கே புதினமில்லை. “அத்தான், நீங்கள் ஃப்ரீசருக்குள்ள வேலை செய்யிற ஆள்தானே, நீங்களே பார்த்து ஒரு முடிவு சொல்லுங்கோ” என்று பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டான்.

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. பேலியகொடைப் பக்கத்தில் மீன் களஞ்சியங்களின் குளிர் அறைகளைப் பராமரிப்பதே 22 ஆண்டுகளாக என் தொழில். மறை 20 பாகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூக்குக்குள் இருக்கும் மயிர் விறைப்பதும், பந்துமுனைப் பேனா எழுத மறுப்பதால் கணக்கெடுப்பவர் காதில் பென்சில் செருகிக்கொண்டு வருவதும் எனக்கு நாளாந்தக் காட்சிகள். ஆனால் நான் அந்தக் குளிருக்குள் ஒரே தடவையில் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றதில்லை, அதற்குள் உறங்கியதும் இல்லை.

மச்சான் முன்வைத்த தெரிவுகள் மூன்று. ட்ரெயிலரைக் கோடையில் பாவிப்பதுபோலவே தாங்கியில் தண்ணீர் நிரப்பி, குழாய்களில் தண்ணீர் ஓடவிட்டுத் தங்குவது முதலாவது. அதே ட்ரெயிலரின் குழாய்களையும் தாங்கிகளையும் முற்றாக வடித்துவிட்டு, அதைச் சூடான ஒரு பெட்டியாக மட்டும் பாவிப்பது இரண்டாவது. ட்ரெயிலரை வீட்டு முற்றத்திலேயே விட்டுவிட்டு, பூங்கா வாடகைக்குக் கொடுக்கும் யேர்ட் எனப்படும் வட்டக் குடிலில் தங்குவது மூன்றாவது. ஒக்டோபர் மாதத்து நீண்ட வார இறுதியில் போகலாமே என்று என் மனைவி கேட்டாள். பிள்ளைகளுக்கு அப்போது பாடசாலை விடுமுறை இல்லை, அவர்கள் பார்க்க விரும்பும் பனியும் அங்கே அப்போது இருக்காது. நுவரெலியாவில் ஜனவரி அதிகாலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு, மகள் பதில்கூடச் சொல்லவில்லை.

உறவினரும் நண்பர்களும் எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்கிறார்கள். குளிருக்கான விடை சிக்கலானதன்று. எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ அவ்வளவு வெப்பத்தை உள்ளே கொடுத்தால் குளிர் அடங்கிவிடும், அதைக் கணக்கிட்டுவிடலாம். கணக்குக்கு அடங்காதது தண்ணீர். குழாயில் இருக்கும் தண்ணீர், கழிவுத் தாங்கியில் இருக்கும் தண்ணீர், நாம் மூச்சில் விடும் தண்ணீர், அடுப்புச் சுவாலையிலிருந்து பிறக்கும் தண்ணீர் என்று அது நான்கு வழிகளில் வருகிறது. ஆகவே மூன்று தெரிவுகளையும் நான் எடைபோட்டது ஒரே ஒரு தராசில்தான்: உறங்கும் இடத்திலிருந்து தண்ணீரை எது அதிகம் விலக்கி வைக்கிறது?

இந்தத் தராசு எனக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். உறைகுளிர் அறையின் உள்ளே, விசிறிகளுக்குப் பின்னால் இருக்கும் சுருளில் ஐஸ் பிடிக்கும். நாளுக்குச் சில தடவை அதைச் சூடாக்கி உருக்கி, உருகிய தண்ணீரை ஒரு வடிகுழாய் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். அந்தக் குழாய் மறை 20 பாகைக்குள் ஊடாகப் போவதால், போகும் வழியிலேயே தண்ணீர் உறைந்துவிடாதிருக்க அதைச் சுற்றி ஒரு சூட்டுக் கம்பி ஓடும். பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு களஞ்சியத்தில், விரல் தடிப்பான அந்தக் கம்பி எரிந்துபோனதை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன். விசிறி ஓடியது, கொம்பிரசர் ஓடியது, வெப்பநிலைப் பலகை சரியான இலக்கத்தைக் காட்டியது. மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தபோது, தட்டில் நிரம்பி வழிந்த தண்ணீர் தரையில் முழங்கால் உயரத்துக்கு ஐஸ் மேடாகி, பத்துப் பதினைந்து மீன் பெட்டிகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது. அன்று மாலை வரை உளியும் சுத்தியலுமாகக் கொத்தினோம். அறை சரியாகத்தான் இருந்தது. தண்ணீர் போகும் வழிதான் கெட்டிருந்தது.

ட்ரெயிலர் என்பது உள்ளும் புறமும் திருப்பிப் போட்ட குளிர் அறை. நான் வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே வரவிடாமல் தடுக்கிறேன். அங்கே உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் தடுக்க வேண்டும். எங்கள் உறைகுளிர் அறைகளின் சுவர்ப் பலகை 100 மில்லிமீற்றருக்குக் குறைவதில்லை. ட்ரெயிலரின் சுவரோ அதில் அரைவாசி தடிப்பும் வராது, அத்துடன் அதில் யன்னல்கள் வேறு. விற்பனைக்காரர்கள் ஒட்டும் “நான்கு பருவத்துக்கும் ஏற்றது” என்ற ஒட்டியை மச்சான் பெருமையோடு படம் எடுத்து அனுப்பினான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எல்லா உற்பத்தியாளரையும் கட்டுப்படுத்தும் ஒரே அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த பொருளில் அதைப் பாவிக்கிறார்கள்.

முதலாவது தெரிவை, அதாவது தண்ணீரோடு தங்குவதை, முதலில் பார்க்கலாம். சுடுதண்ணீரில் குளிக்கலாம், பாத்திரம் கழுவலாம், கழிவறையை வீட்டில் போலப் பாவிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சி. உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால், பூட்டிய குழாய்க்குள் உறைந்தால் குழாயோ அதன் மூட்டோ வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது, உருகும்போதுதான் தெரியும். இதைத் தடுக்க நல்ல ட்ரெயிலர்களில் தாங்கிகளும் குழாய்களும் தரைக்குக் கீழே ஒரு மூடிய அடிவயிற்றில் வைக்கப்பட்டு, ஃபேர்னஸ் எனப்படும் எரிவாயு வெப்பமூட்டியின் சூடான காற்றில் ஒரு பங்கு அதற்குள்ளும் செலுத்தப்படும்.

பலர் சறுக்கி விழும் இடம் இதுதான். முகாமில் மின்னிணைப்பு இருக்கிறதே, எரிவாயுவை ஏன் செலவழிப்பான் என்று மின்சார வெப்பமூட்டி ஒன்றை உள்ளே வைப்பார்கள். அறை இதமாகும், சுவரிலுள்ள வெப்பநிலைக் கட்டுப்படுத்தி, சூடு போதும் என்று நினைத்து ஃபேர்னஸை ஓடவிடாது, ஃபேர்னஸ் ஓடாதபோது அடிவயிற்றுக்குச் சூடான காற்றும் போகாது. மேலே ஆட்கள் கம்பளி போர்த்தாமல் தூங்கிக்கொண்டிருக்க, கீழே குழாய் உறைந்துகொண்டிருக்கும். என் களஞ்சியத்து வெப்பநிலைப் பலகையும் அன்று சரியான இலக்கத்தைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கழிவுத் தண்ணீரின் பாடு இன்னும் மோசம். கைகழுவும் தொட்டியின் தண்ணீருக்கு ஒரு தாங்கி, மலசலத்துக்கு வேறொரு தாங்கி. இரண்டின் வால்வுகளும் பெரும்பாலும் வண்டியின் வெளிப்புறமாக, காற்றுப் படும் இடத்தில் இருக்கும். வால்வின் தகடு உறைந்திருக்கும்போது பலங்கொண்டு இழுத்தால் கைப்பிடி கையோடு வந்துவிடும். தாங்கிக்கு அடியில் சூட்டுத் தகடு ஒட்டலாம்தான், ஆனால் அது மின்கலத்தைக் குடிக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மியூ லேக் போன்ற பூங்கா முகாம்களில் தரிப்பிடங்களுக்குக் கிடைக்கும் இணைப்பு மின்சாரம் மட்டுமே, அதுவும் எல்லாத் தரிப்பிடங்களுக்கும் இல்லை. தண்ணீர்க் குழாயோ கழிவுக் குழாயோ தனித்தனியாக இல்லை. குளிர்காலத்தில் பொதுவான வெளிக் குழாய்களும் பெரும்பாலான இடங்களில் மூடப்பட்டுவிடும். அப்படியானால் தாங்கியை ஸ்காபரோவிலேயே நிரப்பி, ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் உறைகாற்றில் இழுத்துக்கொண்டு போய், திரும்பும்போது கழிவையும் அதேபோல இழுத்துக்கொண்டு வர வேண்டும். இழுத்துச் செல்லும்போது ஃபேர்னஸை எரியவிடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சுவாலையோடு பெற்றோல் நிலையத்துக்குள் நுழைவது எவ்வகையிலும் புத்தியன்று.

நியாயத்துக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவில் மறை 3 அல்லது 4 பாகைக்கு இறங்கி, பகலில் உறைநிலைக்கு மேல் ஏறும் இடங்களில், தண்ணீர், கழிவு, மின்சாரம் மூன்றுக்கும் இணைப்புள்ள முகாமில், சூட்டுக் கம்பி பொருத்திய தண்ணீர்க் குழாயோடு தங்குகிறவருக்கு இந்த முதலாவது தெரிவே வசதியானது. அல்கொன்குவினின் டிசம்பர் அப்படிப்பட்டதன்று. ஆகவே முதலாவது தெரிவை நான் இங்கேயே தள்ளிவிட்டேன். மச்சானுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அந்தக் குளியல் அறையின் கதவை அவன் தன் கையாலேயே மாற்றியிருந்தான்.

இரண்டாவது தெரிவில் குழாய்களில் தண்ணீரே இருக்காது. இலையுதிர் காலம் முடியும்போது அங்கே எல்லோரும் செய்வதுபோல, தாங்கிகளை வடித்து, குழாய்களைக் காற்றழுத்தத்தால் ஊதி, இளஞ்சிவப்பு நிற உறைதடுப்புத் திரவத்தை உள்ளே ஓடவிட்டிருப்பார்கள். அதை அப்படியே விட்டுவிட்டுப் போவோம். அந்தத் திரவம் நச்சற்ற புரொப்பிலீன் கிளைக்கோல் சேர்ந்ததாக இருக்க வேண்டும். வாகன இயந்திரத்துக்கு ஊற்றும் எத்திலீன் கிளைக்கோல் நஞ்சு, அதைத் தண்ணீர்க் குழாயின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரைக் கலன்களில் எடுத்துச் சென்று உள்ளே, நடைபாதையில் வைத்துக்கொள்ளலாம். குளிப்பதற்கு முகாமின் சூடாக்கப்பட்ட பொதுக் குளியலறைக் கட்டடம் இருக்கிறது. இப்படிச் செய்தால் நான்கு வழித் தண்ணீரில் இரண்டு வழி அடைபட்டுவிடும். எஞ்சியவை மூச்சும் சுவாலையும்.

அதற்கு முன் வெப்பக் கணக்கை முடித்துவிடலாம். வெளியே மறை 20, உள்ளே 18 பாகை என்றால் வித்தியாசம் 38 பாகை. 26 அடி வண்டியின் சுவர், கூரை, தரை, யன்னல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், இடுக்குகளால் வெளியேறும் காற்றையும் சேர்த்து ஏறத்தாழ 4 கிலோவாட் வெப்பம் ஓயாமல் வெளியேறும் என்று என் கணக்கு சொல்கிறது. சிறிய மின்சார வெப்பமூட்டி ஒன்று 1,500 வாட். அங்குள்ள 120 வோல்ற், 30 அம்பியர் இணைப்பு கொடுக்கக்கூடிய உச்சம் 3,600 வாட். இரண்டு வெப்பமூட்டிகளைப் போட்டால் 25 அம்பியர் போய்விடும், அதற்குமேல் மைக்ரோவேவை அமுக்கினால் பிறேக்கர் விழும். ஆகவே மின்சாரம் ஒரு கை கொடுக்குமே தவிர முழுச் சுமையையும் தூக்காது. ஃபேர்னஸ் இல்லாமல் முடியாது. உலர்ந்த வண்டியில் அடிவயிறு குளிர்ந்தாலும் கெட்டுப்போக எதுவும் இல்லை என்பதால், மேலே சொன்ன பொறி இங்கே வேலை செய்யாது. மின்சாரத்தையும் எரிவாயுவையும் மனம்போலக் கலந்து பாவிக்கலாம்.

எரிவாயு என்றதும் 2021ஆம் ஆண்டின் இறுதி நினைவுக்கு வராத இலங்கையர் இருக்க முடியாது. சிலிண்டர்கள் தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்த அந்த நாட்களில், புரொப்பேன் எவ்வளவு, பியூட்டேன் எவ்வளவு என்று மீன் வெட்டுகிறவரும் கேட்டார். அந்தப் படிப்பு இப்போது உதவுகிறது. பியூட்டேன் மறை அரைப் பாகைக்குக் கிட்டத்தான் கொதித்து ஆவியாகும்; புரொப்பேன் மறை 42 பாகையிலும் ஆவியாகும். நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருப்பதால், அதை மியூ லேக்கில் வெளியே வைத்தால் பெரும்பகுதி திரவமாகவே உள்ளே கிடக்கும். அங்கே விற்பது ஏறத்தாழத் தனிப் புரொப்பேன். ஆயினும் குளிர் கூடக் கூட, சிலிண்டரில் அளவு குறையக் குறைய, ஆவியாகும் வேகம் தளரும். ஆகையால் கால்வாசிக்குக் கீழே இறங்கிய சிலிண்டரை நம்பி இரவுக்குள் நுழையக் கூடாது.

ட்ரெயிலரில் இருப்பவை 20 இறாத்தல், அதாவது 9 கிலோ கொள்ளும் இரண்டு சிலிண்டர்கள். நம் வீட்டுப் பெரிய சிலிண்டர் 12.5 கிலோ என்பதை வைத்து அளவை மனதில் பிடித்துக்கொள்ளலாம். மச்சானின் ஃபேர்னஸ் ஓயாமல் எரிந்தால் ஒரு சிலிண்டர் 14 மணித்தியாலத்தில் முடியும். அரைவாசி நேரம் எரிந்து அரைவாசி நேரம் ஓய்ந்தால் ஒரு நாளுக்குச் சற்று மேல் தாங்கும். மின்சார வெப்பமூட்டி ஒன்று துணைக்கு இருந்தால், மூன்று இரவுகளுக்கு மூன்று சிலிண்டர் போதும் என்றும், ஒன்று மேலதிகமாக இருக்கட்டும் என்றும் எழுதி அனுப்பினேன்.

ஃபேர்னஸின் விசிறிக்கு 12 வோல்ற் மின்கலம் வேண்டும். முகாமில் மின்சாரம் இருக்கும்வரை கவலையில்லை. பனிப்புயலில் மரம் விழுந்து மின்சாரம் போனால்? 2022இல் 13 மணித்தியால மின்வெட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாக வரும். 100 அம்பியர் மணி ஈய மின்கலத்தில் பாதியைத்தான் பாவிக்கலாம், குளிரில் அதுவும் சுருங்கும். விசிறி 7 அம்பியர் இழுத்தால், விட்டுவிட்டு ஓடினாலும் ஏழெட்டு மணித்தியாலத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. முன்னிரவில் மின்சாரம் போனால் விடியும்வரை போதாது என்று அதற்குப் பொருள். லித்தியம் வகை மின்கலத்துக்கு மாறலாமா என்று மச்சான் கேட்டான். உறைநிலைக்குக் கீழே அவற்றுக்கு மின்னேற்றக் கூடாது; வெளியே பெட்டியில் வைப்பதாயின் அவனுக்கு அது உதவாது.

இனி மூச்சுத் தண்ணீர். வெள்ளவத்தையில் குளிரூட்டி போட்ட அறையின் யன்னல் கண்ணாடி வெளிப்புறம் வியர்க்கும். அங்கே அதே கண்ணாடி உட்புறம் வியர்க்கும். உறங்கும் ஆறு பேர் ஓர் இரவில் மூச்சாலும் தோலாலும் இரண்டு லீற்றருக்குக் கிட்டத் தண்ணீரை அந்தச் சிறிய பெட்டிக்குள் விடுவார்கள். அது கண்ணாடியில் ஒடுங்கி, கீழே வழிந்து, சட்டத்தில் உறையும். மெத்தைக்கும் பலகைக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியாமல் ஊறும். சுவர் ஓரமாகப் படுக்கிறவர் காலையில் போர்வை சுவரோடு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பார். இதற்கு மருந்து, கேட்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றினாலும், கூரையிலுள்ள காற்றுத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்து வைப்பதுதான். வெளியிலுள்ள உறைகாற்றில் நீராவி மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடாகும்போது ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறும். மெத்தைக்குக் கீழே காற்றுப் புகுவதற்குத் தும்புக் கால்மிதிகளை விரிக்கச் சொன்னேன். அவை அங்குள்ள கடைகளிலும் கிடைக்கும்.

சுவாலைத் தண்ணீர் இதைவிடக் கூடியது. ஒரு கிலோ புரொப்பேன் எரியும்போது ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி பிறக்கிறது. ஃபேர்னஸ் அதைத் தன் புகைவழியால் வெளியே அனுப்பிவிடும். அடுப்புச் சுவாலையோ நேரே அறைக்குள் விடும். அதனால்தான் அடுப்பைக் கொளுத்தி அறையைச் சூடாக்குவது இரட்டைப் பிழை: ஈரத்தோடு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவும் சேரும். யன்னல்களை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு அப்படிச் செய்தால் காலையில் எழும்பாமலே போகலாம். காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவிக்கும் ஆயுள் உண்டு. பாவித்த வண்டி என்பதால் அதன் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் திகதியைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். காலாவதியாகியிருந்தது. ஃபேர்னஸின் புகைவழியைப் பனி மூடியிருக்கிறதா என்று ஒவ்வொரு நாள் காலையிலும் வெளியே போய்ப் பார்ப்பதும் அவன் பொறுப்பு.

மாமி இடியப்பத் தட்டுகளையும் புட்டுக் குழலையும் பொதியில் வைத்திருந்தார். ட்ரெயிலருக்குள் அரை மணித்தியாலம் புட்டு அவித்தால் மூன்று பேர் இரவு முழுக்க விடும் மூச்சுக்குச் சமம் என்று நான் விளக்கியபோது, அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் தர முடியாது. ஸ்காபரோவில் அவித்து உறையவைத்து எடுத்துச் சென்று, மைக்ரோவேவில் சூடாக்குவது என்று இணக்கம் கண்டோம். வெளியே வைத்தாலே உறைந்துதான் இருக்கும், குளிர்சாதனப் பெட்டிகூடத் தேவையில்லை.

மூன்றாவது தெரிவான வட்டக் குடிலை இந்தத் தராசில் வைத்தால் முதலிடம் அதற்குத்தான். மரத் தரையில் நிற்கும் தடித்த துணிச் சுவர், மின்சார வெப்பம், அடுக்குக் கட்டில்கள், ஆறு பேருக்கு இடம். உள்ளே குழாயும் இல்லை, தாங்கியும் இல்லை, சமைக்க அனுமதியும் இல்லை. உறைவதற்கோ வெடிப்பதற்கோ அங்கே எதுவும் கிடையாது. வாடகை ஓர் இரவுக்கு நூறு கனேடிய டொலர் அளவில் வரும். ட்ரெயிலர் சொந்தம் என்றாலும் எரிவாயு, இழுவையால் கூடும் பெற்றோல், தரிப்பிடக் கட்டணம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் இடைவெளி மச்சான் நினைத்த அளவுக்குப் பெரிதாக இல்லை.

வீதியைப் பொறுத்தும் குடிலே மேல். ட்ரெயிலரின் சில்லுகளுக்கு நம் ஊர்க் கையொழுங்கைகளில் இழுக்கும் லான்ட் மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியைவிட அதிக மதிப்பை யாரும் கொடுப்பதில்லை. இழுக்கும் வாகனத்துக்குக் குளிர்கால ரயர் போடுகிறவர்களும் பின்னால் வரும் மூன்று தொன் எடைக்கு அதைப் போடுவதில்லை. வழுக்கும் இறக்கத்தில் முன்வண்டி தயங்க, பின்வண்டி பக்கவாட்டாகத் தள்ளிக்கொண்டு வந்தால், இரண்டும் கத்தரிக்கோல் போல மடியும். மழை ஈரத்தில் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் கொள்கலன் லொறியைப் பின்தொடர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும். டிசம்பர் இறுதியில் அங்கே மாலை 5 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். ஆகவே காலையிலேயே புறப்படுவது, முன்னறிவிப்பில் உறைமழை என்று இருந்தால் ட்ரெயிலரைத் தொடுவதே இல்லை என்ற இரண்டையும் பேரம் பேச முடியாத நிபந்தனைகளாக எழுதி அனுப்பினேன்.

இவ்வளவும் எழுதிய பின், குடில்தான் என்று முடிவு கட்டும் நேரத்தில், 71 வயதான மாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “தம்பி, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எழும்பவேணும். அதுக்கு அங்க என்ன ஏற்பாடு?”

குடிலில் கழிவறை இல்லை. குளியலறைக் கட்டடத்துக்குப் பனியில் நடந்துதான் போக வேண்டும். காலுறை, சப்பாத்து, குளிரங்கி, தொப்பி, கையுறை எல்லாம் போட்டு முடிப்பதற்கே பத்து நிமிடம் செல்லும். முழங்கால் வருத்தம் உள்ளவருக்கு, மறை 20 பாகையில், வழுக்கும் பாதையில், இருட்டில் அந்த நடை எந்த வெடித்த குழாயையும்விடப் பெரிய ஆபத்து. என் தராசு தண்ணீரை மட்டுமே நிறுத்துக்கொண்டிருந்தது. மாமியை நிறுக்க மறந்துவிட்டேன். அவரை ஸ்காபரோவில் விட்டுவிட்டுப் போகலாம் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் அவர் இருந்திருக்க மாட்டார்.

தண்ணீரின்றித் தங்கும் ட்ரெயிலரில் இதற்கு வழி இருக்கிறது. கழிவறைத் தாங்கியில் முதலிலேயே இரண்டு லீற்றர் இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றிவிட்டு, ஒவ்வொரு தடவையும் தண்ணீருக்குப் பதிலாக அந்தத் திரவத்தில் ஒரு கோப்பை ஊற்றினால், தாங்கியில் சேர்வது கல்லாக உறையாமல் கூழ்ப் பதத்தில் நிற்கும். பகலில் எல்லோரும் பொதுக் கட்டடத்துக்குப் போவது, இரவில் மட்டும் உள்ளே பாவிப்பது என்று கட்டுப்பாடு வைத்தால், மூன்று இரவில் சேர்வது கொஞ்சம்தான். திரும்பி வந்து, உறைநிலைக்கு மேல் வரும் ஒரு நாளில் வடித்துக்கொள்ளலாம். மாமிக்குக் கழிவறைக்கு எதிரேயுள்ள கீழ்க் கட்டில். அவருக்குப் பக்கத்தில் ஃபேர்னஸின் காற்றுவழி ஒன்றும் இருக்கிறது.

ஆகவே இரண்டாவது தெரிவையே எழுதி அனுப்பினேன்: ட்ரெயிலர், குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல், மூன்று இரவு, மின்னிணைப்புள்ள தரிப்பிடம், அதுவும் குளியலறைக் கட்டடத்துக்கு மிக அண்மையிலுள்ளது. அது கிடைக்காவிட்டாலோ, வீதி மோசமாக இருந்தாலோ ஸ்காபரோவிலேயே தங்கிக்கொண்டு ஒரு பகல் மட்டும் போய்ப் பனியில் விளையாடிவிட்டு வருவது. மாமி வராத இன்னொரு பயணத்துக்கு வட்டக் குடில்.

மச்சானிடமிருந்து உடனே பதில் வந்தது. இளஞ்சிவப்புத் திரவம் எத்தனை கலன் வாங்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தான். நான் நான்கு என்று எழுதிக்கொண்டிருக்கையில், தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த மாமி, ஐந்து என்று திருத்தினார்.